ஏழு கேள்விக்கும் ‘நோ’

முதலில் ஒரு தவறான நம்பிக்கையைத் திருத்தியாக வேண்டும். இதைத் திருத்தாமல் நாடு ஓர் அடிகூட முன்னே போக முடியாது என்பது என் தாழ்மையான கருத்து. நீதிபதி மரச்சுத்தியலால் மேசையைத் தட்டுவார், வழக்கு முடிந்துவிடும் என்று நீங்கள் நம்பிக்கொண்டிருக்கிறீர்கள். இந்திய நீதிமன்றங்களில் சுத்தியல் கிடையாது. இருபத்திரண்டு வருடம் தேடியதில் பெங்களூரில் ஒரே ஒரு கோர்ட் ஹாலில் சுத்தியலைப் பார்த்தேன். அது ஃபேன் மாட்ட வந்தவருடையது.

வழக்குகள் பெரும்பாலும் கையெழுத்தில்தான் முடிகின்றன. இரு தரப்பும் கையெழுத்துப் போடுவதற்கு முன், ஆங்கிலத்தில் இருக்கும் அந்தத் தாளைக் கட்சிக்காரருக்குத் தெரிந்த மொழியில் ஒருவன் உரக்கப் படிக்க வேண்டும். படித்துவிட்டு, ‘படித்துக் காட்டி விளக்கப்பட்டது’ என்று அடியில் எழுதி அவனும் ஒரு கையெழுத்துப் போட வேண்டும். அல்சூர் பக்கம் ஒரு வக்கீல் அம்மாவின் ஆபீசில் அந்த ஒருவன் நான். கோர்ட் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து இடுப்பைத் தொலைத்த அன்பர்களே, உங்களுக்கு என்னைத் தெரிந்திருக்கும். உங்கள் பெயரைத் தப்பாகக் கூப்பிட்ட டவாலியைத் திருத்தப்போய்த் திட்டு வாங்கியவன் நான்தான்.

அந்த வேலையில் ஒரே ஒரு வழக்கை இங்கே சொல்கிறேன். பெயர்களை மாற்றியிருக்கிறேன். தொகையைச் சொல்ல மாட்டேன். சொல்லக்கூடாது என்பது வழக்கை முடித்த அந்தத் தாளில் ஒன்பதாவது ஷரத்து.

செருப்பைக் கழற்றியவர்

தனபால் எங்கள் ஆபீசுக்குள் வரும்போது செருப்பை வாசலில் கழற்றிவிட்டு வந்தார். இது கோயில் இல்லை என்று சொன்னேன். “இருக்கட்டும் சார்” என்று வெறுங்காலோடு உட்கார்ந்தார். நீலசந்திராவில் வீடு. அபார்ட்மெண்ட் ஒன்றில் பிளம்பர். மனைவி அமுதா ஓர் ஐ.டி. கம்பெனியில் ஹவுஸ்கீப்பிங் வேலை பார்த்தவர். கொரோனா காலத்தில் கம்பெனி பார்க்கிங்கில் ஒரு தனியார் மருத்துவமனை தடுப்பூசி முகாம் போட்டது. ஊசி போடாதவர் வேலைக்கு வரவேண்டாம் என்று கான்ட்ராக்டர் சொல்லியிருந்தார். அமுதாவுக்குப் பயம். தனபால் லீவு போட்டுக் கூட்டிக்கொண்டு போனார். பன்னிரண்டாம் நாள் அமுதாவின் கால்கள் தளர்ந்தன. பிறகு கைகள், பிறகு மூச்சு. நாற்பதாம் நாள் ஐ.சி.யு.வில் இறந்துபோனார்.

இதை அவர் சொல்லவில்லை. கூட வந்திருந்த அமுதாவின் தங்கை வசந்தா சொன்னார். அவர் அடுகோடி பக்கம் ஒரு தையல் யூனிட்டில் சூப்பர்வைசர். தேதி, நேரம், அக்கா கட்டியிருந்த புடவையின் நிறம் எல்லாம் அவருக்குத் தெரிந்திருந்தது. தனபாலின் ஒரே மகள் கயல்விழி, அம்மா போன மாதத்திலிருந்து இந்தச் சித்தி வீட்டில்தான் இருக்கிறாள். அப்பா முகத்தைப் பார்க்க அவளுக்குப் பிடிக்கவில்லை என்று வசந்தா சொன்னார். எங்கள் வக்கீல் மேடம் கன்னடத்தில் கேட்கக் கேட்க நான் குறித்துக்கொண்டேன். ஆஸ்பத்திரி மீது என்ன புகார் என்று கேட்ட இடத்தில் வசந்தா என் நோட்டைக் காட்டினார்.

“ஊசி போட்டது ஆஸ்பத்திரி, சரி. கையப் புடிச்சு இழுத்துட்டுப் போனது இந்த மாமாதான். அதையும் எழுதிக்கோங்க சார், விட்றாதீங்க.”

நாலு பக்கம்

மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் தனபாலும், மைனரான கயலும் புகார்தாரர்களாக வழக்குப் போட்டார்கள். ஊசி மீது குறை சொல்ல எங்களிடம் ஆதாரம் கிடையாது. நானே மூன்று தடவை போட்டுக்கொண்டவன், எனக்குக் கை வலித்ததோடு சரி. முகாமில் உடல்நிலையைச் சரியாக விசாரிக்கவில்லை, மருத்துவர் யாரும் பார்க்கவில்லை என்பதுதான் புகார். ஆணையம் ஒரு நரம்பியல் நிபுணரிடம் கருத்துக் கேட்டது. அவர் நாலு பக்கம் எழுதினார். இப்படிப்பட்ட தளர்ச்சி சாதாரணக் காய்ச்சலுக்குப் பிறகும் வரலாம், வயிற்றுப்போக்குக்குப் பிறகும் வரலாம், மிக அபூர்வமாகச் சில தடுப்பூசிகளுக்குப் பிறகும் வந்ததாகப் பதிவுகள் உண்டு. இந்த நோயாளியின் விஷயத்தில் தொடர்பை உறுதிப்படுத்தவும் இயலாது, மறுக்கவும் இயலாது.

எனக்கு அந்த மருத்துவர் மீது மரியாதை வந்தது. ஒரு சொல்கூட மிகை இல்லை. ஒரு முழு மாலை செலவழித்து, அடிக்குறிப்பு உள்படத் தமிழாக்கி, தனபாலை உட்காரவைத்து நிறுத்தி நிதானமாகப் படித்துக் காட்டினேன். அவர் கண்ணை மூடிக் கேட்டார். நான் முடித்ததும் நெற்றியைத் தேய்த்துக்கொண்டே சொன்னார்:

“தெரியலன்றத நாலு பக்கத்துக்கு எழுதணும்னா, ரொம்பப் படிச்சவராத்தான் இருப்பாரு சார்.”

ஏழு கட்டம்

ஆணையம் வழக்கைச் சமரசத்துக்கு அனுப்பியது. சமரசர் ஓய்வுபெற்ற நீதிபதி. வட்ட மேசை, பிஸ்கட், ஏசி. மருத்துவமனையின் வக்கீல் ஹாசன் பக்கத்து இளைஞர், பணிவானவர். அந்தப் பணிவோடே ஒரு தாளை எடுத்து மேசையில் வைத்தார். முகாமுக்கு முதல் நாள் வீட்டுக்குக் கொடுத்தனுப்பிய படிவம் அது. ஆங்கிலத்தில் ஏழு கேள்விகள். ஏழுக்கும் ‘நோ’ கட்டத்தில் டிக். ஐந்தாவது கேள்வி, நரம்பு சம்பந்தமான தொந்தரவு ஏதாவது உண்டா என்பது. அந்த ஊசிக்கு இரண்டு மாதம் முன்பே அமுதா கால் மரத்துப்போகிறது என்று தெருமுனை கிளினிக்குக்குப் போயிருந்தார். சீட்டு எங்கள் ஃபைலிலேயே இருந்தது, நாங்களே தாக்கல் செய்தது.

படிவத்தின் அடியில், ‘பிறர் நிரப்பியிருந்தால் அவர் கையெழுத்து’ என்ற இடத்தில் தமிழில் மு. தனபால் என்று இருந்தது. சமரசர் அவரைப் பார்த்தார். நான் கேள்வியை மொழிபெயர்த்தேன். தனபால் எழுந்து நின்றார்.

“நான்தான் போட்டேன் ஐயா. எல்லாத்துக்கும் நோ போட்டாத்தான் உள்ள விடுவாங்கன்னு போட்டுட்டேன்.”

பக்கத்து நாற்காலியில் வசந்தா மூச்சை இழுத்தது எனக்குக் கேட்டது. “பாவி மாமா” என்றார், மெதுவாக, மேசை முழுக்கக் கேட்கும்படி. அன்று அதோடு ஒத்திவைத்தார்கள். இந்த ஒப்புதலைப் பிரமாணப் பத்திரமாக எழுதித் தரவேண்டும் என்றார்கள். வராந்தாவில் தேநீர் குடிக்கும்போது அந்த இளைய வக்கீல் என் அருகே வந்து நின்றார். கோப்பையைத் திட்டில் வைத்துவிட்டுக் கன்னடத்தில் சொன்னார். மேடம் காதில் விழாத தூரம்.

“நானும் அந்த வருஷம் ஏழுக்கும் நோதான் சார் போட்டேன். கேள்வியப் படிக்கவே இல்ல.”

நாலு கோட்டு நோட்டு எழுத்து

பிரமாணப் பத்திரம் தட்டெழுத, அந்தப் படிவத்தின் நகலை என் மேசையில் வைத்துக்கொண்டேன். என்னிடம் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. எந்தத் தாளானாலும் விஷயத்தைப் படிப்பதற்கு முன் கையெழுத்தைப் படிப்பேன். பெயர், வயது, நீலசந்திரா முகவரி எல்லாம் ஆங்கிலத்தில் சேர்த்தெழுத்தில் இருந்தன. நாலு கோட்டு நோட்டில் பழகிய எழுத்து. ஒவ்வொரு சொல்லுக்கும் இடையே ஒரே அளவு இடம். டிக் எல்லாம் வாத்தியார் போடுகிற மாதிரி வால் நீண்டு, கட்டத்தைத் தாண்டாமல். தனபால் எங்கள் வக்காலத்தில் ஆங்கிலத்தில் முகவரி எழுத வேண்டியிருந்தபோது பேனாவை என்னிடம் நீட்டியவர்.

நான் சும்மா இருந்திருக்கலாம். இருக்கத் தெரியாது. அவர் கையெழுத்துப் போட வந்த அன்று, “இது உங்க எழுத்தா?” என்று கேட்டேன். அவர் நகலை எடுத்துப் பார்த்தார், மடித்தார், என் பக்கம் தள்ளினார். “கீழ இருக்கறது என் கையெழுத்துதானே சார்? அப்ப மேல இருக்கறதும் என்னுதுதான்.”

நீங்களும் நானும் அறிந்த விஷயம்தான். நம் பேட்டைகளில் வீட்டுக்கு ஒரு குமாஸ்தா உண்டு. கேஸ் புக்கிங், ஆதார் திருத்தம், பேங்க் சலான் எல்லாம் அந்த குமாஸ்தா பொறுப்பு. வயது பத்திலிருந்து பதினைந்துக்குள் இருக்கும், இங்கிலீஷ் மீடியம் படிக்கும். கயலுக்கு அப்போது பன்னிரண்டு.

கதவைச் சாத்தினேன். அதன் பிறகுதான் அவர் பேசினார். “அவ ஒண்ணொண்ணா படிச்சுதான் சார் கேட்டா. அஞ்சாவது வந்தப்போ, ‘அம்மா, கால் மரத்துப்போச்சே, அது இதுல வருமா’ன்னு கேட்டா. அமுதா அடுப்பாண்ட இருந்து சொல்றா, ‘எல்லாத்துக்கும் நோ போட்று கண்ணு, இல்லன்னா திருப்பி அனுப்பிடுவாங்க, வேல போய்டும்’னு. நானும் ஆமான்னேன். அவ அம்மாவ எடுத்துட்டுப் போன அன்னிக்கு இந்தப் பொண்ணு என் மூஞ்சியப் பாக்கல. இன்னி வரைக்கும் பாக்கல. கோவத்துல இல்ல சார். நான் அதப் பத்திக் கேட்டுடுவேனோன்னு பயம். எந்த ஃபார்முலயும் பேனா வைக்கமாட்டேங்கறா. ஸ்கூல் ஃபார்ம்கூட அவ சித்திதான் எழுதறாங்க.”

வசந்தாவுக்கு இது தெரியுமா என்று கேட்டேன். தெரியாது. உங்களை இப்படித் திட்டுகிறாரே என்றேன். அவர் பிரமாணப் பத்திரத்தில் ‘படிவத்தை நானே என் கையால் நிரப்பினேன்’ என்ற வரியின் அடியில் கையெழுத்துப் போட்டுக்கொண்டே சொன்னார்:

“என்னத் திட்டட்டும் சார். என்னத் திட்டற வரைக்கும் வேற யாரையும் தேட மாட்டாங்க இல்ல?”

நான் வாக்கியங்களுக்குச் சாட்சி, உண்மைக்கு இல்லை என்று எனக்கு நானே ஒரு விளக்கம் சொல்லிக்கொண்டு அடியில் கையெழுத்துப் போட்டேன்.

ஆறாவது ஷரத்து

சமரச உடன்படிக்கை தயாரானது. மருத்துவமனை மனிதாபிமான அடிப்படையில் ஒரு தொகை கொடுக்கும். ஆறாவது ஷரத்து, மரணம் தடுப்பூசியால் நேர்ந்தது என்று மருத்துவமனை ஒப்புக்கொள்ளவில்லை என்பது. வழக்கமாகக் கட்சிக்காரர்கள் கொதிப்பது இந்த இடத்தில்தான். ‘ஒத்துக்கலன்னா காசு எதுக்குக் குடுக்கறான்?’ என்று மேசையைக் குத்துவார்கள். அதற்குத் தயாராகத் தண்ணீர் கிளாசை நகர்த்திவைத்துவிட்டுத்தான் நான் படிப்பேன். தனபால் குத்தவில்லை. பதிமூன்று ஷரத்தும் கேட்டு முடித்தார். பேனாவைத் தொடவில்லை.

“அந்த ஃபார்ம பத்தி ஒண்ணுமே இல்லியே சார்?” என்றார். நான் மொழிபெயர்த்தேன். சமரசர் புரியாமல் பார்த்தார். தனபால் சொன்னதை வரிக்கு வரி சொன்னேன். படிவத்தில் போட்ட டிக்கால் அவர் மனைவி சாகவில்லை என்று எழுத வேண்டும். எழுதினால் கையெழுத்து, இல்லாவிட்டால் வழக்கு நடக்கட்டும்.

மருத்துவமனைத் தரப்பு வாதம் மொத்தமும் நின்றுகொண்டிருந்ததே அந்தப் படிவத்தின் மேல்தான். அறையில் இருந்த எல்லோரும் இவர் தொகையை ஏற்றப் பார்க்கிறார் என்று நினைத்தார்கள். மேடமே நினைத்தார். “தனபால் அவ்ரே, இப்போ பிடிவாதம் வேண்டாம்” என்று கன்னட மரியாதை கலந்து சொன்னார். தனபால் என்னைப் பார்த்து, “துட்ட வேணா கொறச்சுக்கச் சொல்லுங்க சார். இது மட்டும் வேணும்” என்றார். ஏன் என்று சமரசர் கேட்டார். அவர் மேசையில் இருந்த படிவத்தைக் காட்டினார். காரணம் எனக்குத் தெரியும். ஆனால் அங்கே யாரும் சொல்லாத ஒன்றை மொழிபெயர்க்க எனக்கு அதிகாரம் இல்லை. என் தொழிலில் இவ்வளவு கஷ்டப்பட்டு நான் வாயை மூடியிருந்தது கிடையாது.

இளைய வக்கீல் தனபாலைப் பார்த்தார், அந்தப் படிவத்தைப் பார்த்தார், பிறகு போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார். கண்ணாடிக் கதவுக்கு அப்பால் அவர் கையை ஆட்டி யாரிடமோ மன்றாடிக்கொண்டிருந்தார். முக்கால் மணி நேரம். திரும்பி வந்தபோது தொகை குறைந்திருந்தது, ஆறாவது ஷரத்தில் ஒரு வாக்கியம் கூடியிருந்தது. ‘படிவத்தில் தரப்பட்ட பதில்களுக்கும் மரணத்துக்கும் தொடர்பு இருப்பதாக எதிர்த்தரப்பு கூறவில்லை.’

நான் படித்துக் காட்டினேன். விளக்குவதும் என் கடமை. “தனபால், ஒண்ணு தெளிவாச் சொல்லிடறேன். தொடர்பு இல்லைன்னு இவங்க சொல்லல. இருக்குன்னு நாங்க சொல்லலைன்னுதான் சொல்றாங்க. அது வேற, இது வேற.” அவர் அதற்குள் பேனாவின் மூடியைக் கழற்றிவிட்டார்.

“எனக்குப் புரியுது சார். ஆனா அது அவளுக்குத் தெரியணுமா?”

இரண்டாம் புகார்தாரர்

உடன்படிக்கையை வெளியாருக்குக் காட்டக்கூடாது. அதுவும் ஒன்பதாவது ஷரத்துதான். ஆனால் கயல் வெளியாள் அல்ல, இரண்டாம் புகார்தாரர். சட்டத்தை எழுத்துக்கு எழுத்துப் படிப்பதால் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த சில சந்தோஷங்களில் இதுவும் ஒன்று. நகல் வாங்க வரும்படி சொல்லியனுப்பினேன். ஒரு சனிக்கிழமை பள்ளிச் சீருடையில் தனியாக வந்தாள். பத்தாம் வகுப்பு. வாங்கியதற்கு அடையாளமாகப் பதிவேட்டில் கையெழுத்துக் கேட்டேன். பேனாவைப் பார்த்துவிட்டு, “சித்தி வந்து போட்டா பரவால்லயா அங்கிள்?” என்றாள். பரவாயில்லை என்றேன்.

ஆறாவது ஷரத்தை நானே எடுத்துக் காட்டினேன். இரண்டு தடவை படித்தாள். பிறகு தலையைத் தூக்கி, “தொடர்பு இல்லன்னு எங்கயும் போடலியே அங்கிள்? இருக்குன்னு சொல்லலன்னு மட்டும்தானே இருக்கு?” என்றாள். இருபத்திரண்டு வருடத்தில் எந்தக் கட்சிக்காரரும் என்னிடம் கேட்காத கேள்வி. வேறு எந்த நாளாக இருந்தாலும் ஆனந்தப்பட்டிருப்பேன். அப்பா கேட்டுத்தான் இதைச் சேர்த்தார்கள், இதற்காகத் தொகையில் கொஞ்சத்தை விட்டுக்கொடுத்தார் என்று மட்டும் சொன்னேன். மருத்துவரின் நாலு பக்கத்தையும் கொடுத்தேன். யாருக்கும் தெரியாது என்பதுதான் அதன் சாரம், யாரும் கண்டுபிடிக்கவும் முடியாது என்றேன். அவள் ஃபைலைப் புரட்டிக்கொண்டே போனாள். புரட்டிய கை ஒரு பக்கத்தில் நின்றது. தனபாலின் பிரமாணப் பத்திரம். ‘படிவத்தை நானே என் கையால் நிரப்பினேன் என்று சத்தியமாக உறுதி கூறுகிறேன்.’

அந்த வரியின் மேல் விரலை வைத்து அப்படியே உட்கார்ந்திருந்தாள். வெளியே ஏதோ ஊர்வலம் தாரை தப்பட்டையோடு போய் முடிந்தது. நான் தண்ணீர் எடுத்துவைத்தேன். குடிக்கவில்லை. சிரிப்பு மாதிரிதான் ஆரம்பித்தது, அப்புறம் வேறு என்னவோ ஆகிவிட்டது. அதற்கு நடுவில்தான் சொன்னாள்.

“எங்க அப்பாவுக்கு ஏ பி சி டி-யே எம்முக்கு மேல வராது அங்கிள்.”

பெற்றோர் ஒப்புதல்

ஜூலையில் தனபால் ஒருநாள் மதியம் வந்தார், வழக்கம்போல வெறுங்காலோடு. கையில் பள்ளி கொடுத்த ஒரு சீட்டு. பதினாறு வயதுக்காரர்களுக்குப் பள்ளியிலேயே டெட்டனஸ் ஊசி போடுகிறார்கள், பெற்றோர் ஒப்புதல் வேண்டும். “சித்தியாண்ட குடுக்கல சார். வீட்டுக்கு வந்து எங்கையில குடுத்தா” என்றார். நிரப்பாமல் கொடுத்திருந்தாள். நாலு கேள்வி இருந்தது. ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டச் சொன்னார், காட்டினேன். போன வாரம் காய்ச்சல் இருந்ததா என்ற கேள்விக்கு அவருக்குப் பதில் தெரியவில்லை. போன் போட்டு, “காச்சல் இருந்துச்சாம்மா? நல்லா யோசிச்சு சொல்லு, அவசரம் இல்ல” என்று கேட்டார். அந்தப் பக்கம் யோசித்துக்கொண்டிருந்த நேரம் முழுக்கப் போனைக் காதில் அழுத்திப் பிடித்தபடி, என் அலமாரியில் இருந்த பழைய சட்டப் புத்தகங்களின் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தார். இல்லை என்று பதில் வந்தது. டிக்கை அவரே போட்டார். கட்டத்தைத் தாண்டிக் கோணலாக விழுந்தது.

இந்தத் தொழிலில் நான் கற்றது, அடுத்தவருக்குப் படித்துக் காட்டுகிறவனுக்குப் படித்தது பாதிதான் புரியும் என்பது.

ஊசி போட்ட கை இரண்டு நாள் வலித்ததென்று கயல் அந்த வாரம் கணக்கு டியூஷனுக்கு மட்டம் போட்டாள்.